ஒரு பொத்தான் துளையும் ஐந்நூறு பிரதிகளும்

பிள்ளைகளைத் தூங்க வைக்க நீங்கள் சொல்லும் கதைகளை ஒருநாளாவது கொப்பியில் எழுதிப் பார்த்ததுண்டா? "இதையெல்லாம் யார் அச்சிடுவார்கள்?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் ஒரு பெண் இதே கேள்விக்குத் தன் சேமிப்புப் பணத்தால் பதில் சொன்னார்.

அவர் பெயர் பியட்ரிக்ஸ் பொட்டர். 1866 இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பாடசாலைக்குப் போகாமல், வீட்டுக்கு வந்த ஆசிரியைகளிடமே படித்தார். முப்பத்தைந்து வயதிலும் திருமணமாகாமல் பெற்றோரின் வீட்டில் அவர்கள் சொற்படி வாழ்ந்தார். முயலும் எலியும் வளர்த்து, அவற்றைப் பார்த்துப் படம் வரைவதே அவருடைய பொழுது.

1893 செப்டெம்பரில், அவருடைய முன்னாள் ஆசிரியையின் மகன் நோயல் சுகமில்லாமல் படுத்திருந்தான். அவனுக்கு நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதி அனுப்பினார். சில ஆண்டுகளின் பின் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கி, விரித்தெழுதிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். எல்லோரும் மறுத்தார்கள். நூல் பெரிதாக இருக்கவேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. அவரோ, சின்னக் கைக்குச் சின்ன நூல்தான் வேண்டும், விலையும் ஒரு ஷிலிங்குக்கு மேற்படக்கூடாது என்று நின்றார். 1901 டிசெம்பரில் தன் செலவிலேயே 250 பிரதிகள் அச்சிட்டார். அது போதாமல் மேலும் 200 அச்சிட வேண்டியதாயிற்று. முன்னர் மறுத்திருந்த பிரெடெரிக் வோர்ன் பதிப்பகம் 1902 ஒக்டோபரில் அதையே வர்ணப் படங்களுடன் வெளியிட்டது. அதுதான் 'பீற்றர் ராபிட்'.

இது பலருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அவருடைய அடுத்த நூலைப் பற்றி.

க்ளொஸ்டர் நகருக்கு அருகே வசித்த உறவுக்காரப் பெண் ஒருவர் அவருக்கு ஊர்க் கதையொன்றைச் சொன்னார். அவ்வூர்த் தையற்காரர் ஒருவர் மேயருக்குத் தைக்க வேண்டிய கையில்லாக் கோட்டின் துணியை வெட்டி வைத்துவிட்டுச் சனிக்கிழமை வீடு போனாராம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு பொத்தான் துளையைத் தவிர எல்லாம் தைத்து முடிந்திருக்கிறது! நூல் தீர்ந்துவிட்டது என்று ஒரு துண்டுக் கடதாசியும் கிடந்தது. உண்மையில் இரவோடிரவாகத் தைத்தவர்கள் அவருடைய வேலையாட்கள். அவரோ தேவதைகள் தைத்தார்கள் என்று கடையில் விளம்பரமே வைத்துவிட்டார். எங்கள் ஊரென்றால் ஜின் தைத்தது என்றிருப்பார்கள்!

பொட்டர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. காலத்தை வாளும் பொய்முடியும் அணிந்த நாட்களுக்குப் பின்தள்ளினார். தையற்காரரைக் கிழவராக, ஏழையாக, நோயாளியாக மாற்றினார். தேவதைகளை நீக்கிவிட்டுச் சுண்டெலிகளை வைத்தார். பூனை பிடித்துக் கோப்பைகளின் கீழ் அடைத்துவைத்த எலிகளைத் தையற்காரர் விடுவிக்கிறார். கோபங்கொண்ட பூனை பட்டு நூலை ஒளிக்கிறது. நன்றி மறவாத எலிகள் நத்தார் இரவில் தைத்துக் கொடுக்கின்றன. கடைசித் துளை ஏன் மிஞ்சியது என்பதற்கும் இப்போது காரணம் வந்துவிட்டது. பழங்கதை அவருடைய சொந்தக் கதையானது இந்த இடத்தில்தான் என்பேன்.

படங்களுக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய உடைகளை நூதனசாலையில் பார்த்து வரைந்தார். தையற்கடையின் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க, தன் கோட்டின் பொத்தானைத் தானே பிய்த்துக்கொண்டு தைக்கக் கொடுக்கும் சாட்டில் போனார் என்று சொல்வார்கள். (இந்தத் தந்திரத்தை நம்மில் யார் செய்ய மாட்டோம்?)

முதற் பிரதி 1901 நத்தாருக்குக் கையெழுத்தில், நோயலின் தங்கை பிரீடாவுக்குப் பரிசாகப் போனது. அவளும் சுகமில்லாதிருந்தாள். தேவதைக் கதைகளென்றால் அவளுக்கு உயிர்.

அடுத்த ஆண்டு பொட்டருக்குப் பதிப்பகமும் இருந்தது, பெயரும் இருந்தது. ஆனாலும் 1902 டிசெம்பரில் இந்தக் கதையின் 500 பிரதிகளைத் தன் பணத்திலேயே அச்சிட்டார். ஏன்? கதைக்குள் பழைய சிறுவர் பாடல்கள் பலவற்றைச் சேர்த்திருந்தார். பதிப்பகம் அவற்றை வெட்டிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் நினைத்தபடியே நடந்தது. 1903 இல் வோர்ன் வெளியிட்ட பதிப்பில் பாடல்கள் பல இல்லை. அவர் தானே அச்சிட்ட பிரதிகளில் அவை இருந்தன.

வெளியீட்டு விழா வைத்துச் சொந்தச் செலவில் நூல் போடும் நம்நாட்டு எழுத்தாளர்களுக்கு அந்தப் பணத்தின் பாரம் தெரியும். விற்காத பிரதிகள் கட்டிலின் கீழ் கிடப்பதும் தெரியும். பொட்டரும் முதலில் 250 உடன் நின்றார். இந்த இரண்டு கதைகளையும் முதலில் ஒரு பிள்ளைக்காக எழுதிய பின்னரே அச்சுக்குக் கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள். அந்த வரிசையில் சின்ன நூல்கள் 23 வந்தன. அவற்றின் வருமானத்தோடு மாமி ஒருவர் விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து, 1905 இல் தன் பெயரில் ஒரு பண்ணை வாங்கினார்.

தன் நூல்களில் தனக்கு மிகவும் பிடித்தது எலிகள் தைத்த கதைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது வெளிவந்தபோது அதைப் பாராட்டி எழுதிய ஏடுகளில் ஒன்று, தையற்காரர்களின் தொழிற் சஞ்சிகை.