லினக்ஸ் போட்ட லேப்டாப் கொதிக்கிறதா? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் இதைப் பாருங்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது பழைய லேப்டாப்களை ஏற்பதில்லை. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடும் மெஷினை எடைக்குப் போட மனமில்லாத பலருக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவைதான் வழி. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்திலேயே, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் மாணவர்கள் கைக்கு வந்துவிட்டது.

இப்படி மாறுபவர்களை மிரட்டும் ஒரு பிரச்னை, சூடு. ஃபேன் ஓயாமல் இரைகிறது, கீபோர்டில் கை வைக்க முடியவில்லை, ஆன்லைன் தேர்வின் நடுவே லேப்டாப் தானாக அணைந்துவிடுகிறது. குற்றவாளி லினக்ஸா, தூசியா? இது தெரியாமல் கடையில் கொடுத்தால் பணம் வீணாகலாம். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

பேட்டரியை முதலில் பாருங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் லேப்டாப்பை மூடி, சமதளமான மேஜையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? மூடி சரியாகப் பொருந்தவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை ஆஃப் செய்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்துவதோ குத்துவதோ தீப்பிடிக்க வழிவகுக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவாகவே ஒப்படையுங்கள்.

கையை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

பேட்டரி சரியாக இருந்தால், அடுத்தது அளவு. சாஃப்ட்வேர் மேனேஜரில் 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற இலவசக் கருவியை நிறுவுங்கள். பிறகு டெர்மினலைத் திறந்து 'சென்சார்ஸ்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டினால், பிராசஸரின் வெப்பநிலை வந்துவிடும். அதன் அபாய எல்லையும் பெரும்பாலும் அருகிலேயே 'கிரிட்' என்று இருக்கும். பல இன்டெல் பிராசஸர்களில் அது 100 டிகிரி செல்சியஸ்.

சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி வரை, கடும் வேலையில் 70 முதல் 85 வரை என்றால் கவலை வேண்டாம். தொடர்ந்து 90-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எல்லையை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். அறையின் வெப்பமும் இதில் சேரும் என்பதால், மே மாதத்தில் எண் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு.

10 நிமிடப் பரிசோதனை

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு சிஸ்டம் மானிட்டரைத் திறந்து, பிராசஸர் எத்தனை சதவிகிதம் வேலை செய்கிறது என்று பாருங்கள்.

சும்மா இருந்தும் சதவிகிதம் ஏறியே இருந்தால், பிரச்னை சாஃப்ட்வேரில். சதவிகிதம் மிகக் குறைவு, ஆனாலும் சூடு என்றால், தூசி அல்லது கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் சரி, வீடியோ பார்த்தால் மட்டும் சூடு என்றால், பிரவுசர்.

சாஃப்ட்வேர் என்றால்...

சிஸ்டம் மானிட்டரின் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் புரோகிராம் எது என்று பாருங்கள். புதிதாக லினக்ஸ் போட்ட முதல் நாளில் அப்டேட்டுகளும், ஃபைல்களை அட்டவணைப்படுத்தும் வேலையும் பின்னணியில் ஓடலாம். சில மணி நேரத்தில் அது தானாக அடங்கும். அடுத்த நாளும் அதே புரோகிராம் முதலிடத்தில் இருந்தால், அதுதான் காரணம்.

பிரவுசர் என்றால்...

வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப் செய்ய வேண்டும். அது கைகொடுக்காவிட்டால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லினக்ஸ் கணினிகளுக்கு, 2023-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115 முதல் இந்த வசதி இயல்பாகவே உண்டு. எனவே பிரவுசரை அப்டேட் செய்யுங்கள். மிகப் பழைய லேப்டாப் என்றால் வீடியோவை 720-க்குக் குறைத்துப் பாருங்கள். பாடம் கேட்க அதுவே போதும்.

கிராபிக்ஸ் கார்டு என்றால்...

என்விடியா கார்டும் உள்ள லேப்டாப்களில், தேவையில்லாத நேரத்திலும் அந்தக் கார்டு விழித்தே இருக்கலாம். டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்படும் என்விடியா டிரைவரை நிறுவி, அதன் செட்டிங்ஸில் 'ஆன்-டிமாண்ட்' அல்லது இன்டெல் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பவர் செட்டிங்ஸில் 'பெர்ஃபாமன்ஸ்' இருந்தால் 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த 'டிஎல்பி' என்ற கருவியும் உண்டு. ஆனால், உங்கள் லினக்ஸில் ஏற்கெனவே பவர் புரொஃபைல் வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்து ஓடவிடக் கூடாது. ஒன்று வைப்பதை மற்றது மாற்றிவிடும்.

தூசி என்றால்...

விண்டோஸ் இருந்தபோதே சூடாகியிருந்தால், சந்தேகத்துக்குரிய முதல் ஆள் தூசிதான். ஃபேனுக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளில் அது கம்பளிபோலப் படிந்துவிடும். பின்பக்க மூடியைக் கழற்றப் பழக்கம் உள்ளவர்கள், சார்ஜரை எடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகு பிளோயரால் ஊதலாம். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டாம். அதன் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். பல வருடங்கள் ஓடிய லேப்டாப்பில் பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதை மாற்றும் வேலையைக் கடையில் விடுவது நல்லது.

மெத்தை, தலையணை, மடி ஆகியவை காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும். மேஜையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு புத்தக உயரத்துக்குத் தூக்கினாலே சில டிகிரிகள் குறையலாம்.

கடைக்குப் போவதென்றால்...

முக்கியமான ஃபைல்களை முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடப் பரிசோதனையில் வந்த வெப்பநிலையைக் குறித்துவைத்து, கடைக்காரரிடம் சொல்லுங்கள். சர்வீஸ் முடிந்து வந்ததும் அதே பரிசோதனையை மறுபடியும் செய்யுங்கள். எண் இறங்கவில்லை என்றால், தயங்காமல் திரும்பப் போய்க் கேளுங்கள்.