போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள்

படம் வரையப் பழகுகிறவர்கள் பலரும் வீட்டுக்குள் உட்கார்ந்து, செல்போனில் இருக்கும் போட்டோவைப் பார்த்தே வரைகிறார்கள். மரம் அசையாது, வெயில் அடிக்காது, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் இது சுலபமாகத் தெரிகிறது. ஆனால் கற்பதற்கு இதுவே மெதுவான வழி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் உள்ள உலகத்தைத் தட்டையான தாளில் இறக்குவதுதான் வரைகிறவரின் தலையாய வேலை. போட்டோவில் அதைக் கேமரா முன்கூட்டியே முடித்துவிடுகிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதும் முடிவாகிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது நகலெடுப்பு. சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் விதை போட்ட ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம், அந்தந்த இடத்திலேயே நேரில் பார்த்து வரைவதைத் தன் முதல் விதியாக வைத்திருக்கிறது.

பழகுவதற்குப் பூங்காவைவிட நல்ல இடம் கிடையாது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி ஓர் இடத்தில் நின்று, நடைப்பயிற்சி செய்பவர்களைக் கவனியுங்கள். சமதரையில் கிட்டே வருபவர், தூரத்தில் போகிறவர் எல்லாருடைய தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில், உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். தூரம் கூடக்கூடப் பாதங்கள்தான் மேலே ஏறும். பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தக் கோடு அவர்கள் நெஞ்சுக்கு இறங்கிவிடும். தூரக்காட்சியின் அடிப்படை விதி, அளவுகோல் இல்லாமலே பிடிபட்டுவிடுகிறது. மரமும் இப்படித்தான். மரம் என்றதும் ஒரு தண்டும் மேலே பச்சை உருண்டையும் போடச் சொல்லி மூளை அவசரப்படுத்தும். அதற்கு இடம் கொடுக்காமல், தூங்குமூஞ்சி மரத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். அந்த வடிவத்துக்கு மூளையிடம் பெயர் இல்லை. அதனால் கண் பார்த்ததைத்தான் கை போடும். கிளைகள் தாமாகவே சரியாக வந்து நிற்கும்.

எல்லாம் அசைந்துகொண்டே இருக்கிறதே, புதிதாகப் பழகுகிறவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், நிழலும் இடம் மாறும். அதனால்தான் நிழலின் எல்லையை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முக்கியமானதை முதலில் பிடிக்கும் பழக்கம் இந்த நெருக்கடியில்தான் வருகிறது. மனிதர்கள் விஷயத்தில் பூங்கா கருணை காட்டுகிறது: கோட்டைவிட்ட ஆள் ஒரு சுற்று முடித்து, அதே நடையில் மறுபடியும் எதிரே வருவார். பக்கத்தில் நின்று பார்ப்பவர்களும் ஓரிரு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள்.

கேமரா இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்பது இதைவிடப் பெரிய ஆட்சேபம். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் அருங்காட்சியகம் ஒன்றில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களை முழுதாகப் போட்டோ எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆகவே குறை கருவியில் இல்லை, கவனம் விலகுவதில் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வோ, சொற்களை எழுதிப் பார்த்ததைவிடப் படமாக வரைந்தபோது அவை நன்றாக நினைவில் தங்கியதைக் காட்டியது. போட்டோவை வைத்து நல்ல படம் போடுகிற தேர்ந்த ஓவியர்கள் உண்டு. நேரில் பார்த்துப் பழகிய கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, போட்டோ சொல்லாததை அது நிரப்பிக்கொள்ளும். தொடக்கத்தில் இருப்பவருக்கு அது கிடையாது.

பெரிய செலவு எதுவும் வேண்டாம். கையடக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். அழிரப்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பக்கத்துப் பூங்காவுக்குப் போய், ஒரே ஒரு மரத்தை அரை மணி நேரம் வரையுங்கள். மறுவாரமும் அதே மரத்திடம் போங்கள்.