மாதிரிப் புகையிரதமும் இலக்கமுறை ஆட்சியும்

பெரியதைச் சிறியதாக்கிக் கண்டு மகிழ்தல் மனித இயல்புகளுள் ஒன்று. பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பருவங்கள் பத்தினுள் ஒன்றாக எண்ணப்படுவது சிறுதேர்ப் பருவம். வீதியிற் செல்லும் பெருந்தேரைக் கண்ட பிள்ளை, தன் கைக்கு அடங்கிய தேரொன்றை ஓட்டி மகிழும் இன்பமே அதன் பொருள். புகையிரதம் பெருகிய மேலை நாடுகளில் அவ்வின்பம் மாதிரிப் புகையிரதமாக உருக்கொண்டது. ஆயினும், அது பிள்ளைகளின் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை. பாலம், சுரங்கவழி, நிலையம், கைகாட்டி என்பன யாவற்றையும் அளவு பிசகாது அமைத்து, நேரசூசிகைப்படி வண்டிகளை ஓட்டும் முதியோர் அங்குப் பலர். ஐக்கிய அமெரிக்காவில் இவர்களுக்கெனத் தேசிய மாதிரிப் புகையிரதப் பாதைச் சங்கம் 1935ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கினதாய், 16.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் 'எச். ஓ.' அளவு அவர்களிடையே பெருவழக்குடையது.

இக்கலையிற் புதிதாகப் புகும் ஒருவன் எதிர்நோக்கும் முதற் பெருஞ் சிக்கல், வண்டிகளை எவ்வாறு ஆள்வது என்பதாகும். கடைகளில் இலக்கமுறை ஆட்சித் தொகுதிகள் பல உள்ளன, விலைகளும் பல. சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கியபின், அது தன் எதிர்காலத் தேவைக்குப் பொருந்தாதெனக் காண்பானாயின் பணத்தோடு ஊக்கமும் வீணாகும். ஆதலின், அம்முறை யாது, அதனுள் எது பொது, எது தனி என்பதை அறிந்தபின் தெரிவு செய்தலே அறிவுடைமை.

முதற்கண் பழைய முறையை நோக்குதல் வேண்டும். அதில் தண்டவாளம் இரண்டுக்கும் நேரோட்ட மின்சாரம் செலுத்தப்படும். அழுத்தத்தை 0 முதல் ஏறத்தாழ 12 உவோற்று வரை கூட்டக் குறைக்க, வண்டியின் வேகம் கூடும், குறையும். மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். எளிமையே இம்முறையின் சிறப்பு. ஆனால், இதன் குறையும் அவ்வெளிமையிலேயே அடங்கியுள்ளது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒருங்கே புறப்படும்; ஒருங்கே நிற்கும். தேர் இரண்டாயினும் கயிறு ஒன்றே என்பது போன்றது இந்நிலை. இதனைத் தவிர்ப்பதற்காகப் பாதையைப் பல பகுதிகளாகத் துண்டித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஆளி ஒன்று வைத்து, வண்டி செல்லச் செல்ல அவ்வாளிகளை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். உண்மையில் அங்கு ஓட்டுபவன் வண்டியை ஆளவில்லை, பாதையையே ஆள்கின்றான். வண்டி நின்றால் அதன் முன்விளக்கும் அணைந்துவிடும்.

ஒவ்வொரு வண்டிக்கும் தனிக்கயிறு பூட்டும் முயற்சி நெடுங்காலமாக நடந்துவந்தது. 1960களின் முற்பகுதியில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் 'ஆஸ்ட்ராக்' என்னும் கருவியால் ஒரே பாதையில் ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கிக் காட்டியது. பிரித்தானியாவில் ஹோர்ன்பி நிறுவனம் 1979இல் 'சீரோ ஒன்' என்னும் தொகுதியை வெளியிட்டது. அது பதினாறு எஞ்சின்களை ஆளவல்லது. இவை திறமையிற் குறைந்தன அல்ல. எனினும், ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் எஞ்சினோடு பேசமாட்டாது. தொகுதியின் உற்பத்தி நின்றபோது, அதனை நம்பி வாங்கியவர்களுக்குப் புதிய உறுப்புகள் கிடைக்கும் வழியும் அடைபட்டது. ஆகவே, வேண்டப்பட்டது புதியதொரு கருவி அன்று. யாவரும் ஒத்துக்கொள்ளும் பொது மொழியே.

அம்மொழி ஜேர்மனியிலிருந்து வந்தது. அந்நாட்டு லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கிய முறையை அமெரிக்கச் சங்கம் ஆராய்ந்து, அதனை அடிப்படையாகக் கொண்டு 1994இல் பொது நியமங்களை ஏற்றுக்கொண்டது. 'டீ. சீ. சீ.' எனச் சுருக்கமாக வழங்கும் இலக்கமுறைக் கட்டளை ஆட்சி இதுவேயாகும்.

இம்முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. முழு அழுத்தமும் எப்போதும் அங்கு உண்டு. ஆனால், அதன் முனைகள் ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிலை 58 மைக்கிரோசெக்கன் அளவு நீடித்து, மறுநிலையும் அவ்வளவே நீடித்தால் அது 'ஒன்று' என்னும் இலக்கம். ஒவ்வொரு நிலையும் ஏறத்தாழ 100 மைக்கிரோசெக்கனோ அதற்கு மேலோ நீடித்தால் அது 'சுழியம்'. இவ்விரண்டு இலக்கங்களால் ஆன கட்டளை ஒவ்வொன்றிலும், எந்த எஞ்சினுக்கு என்னும் முகவரியும், என்ன செய்க என்னும் ஏவலும், இடையில் பிழை நேர்ந்ததா எனக் கண்டறியும் சோதனையெண்ணும் அடங்கும். எஞ்சினுள் வைக்கப்பட்டிருக்கும் 'டிகோடர்' என்னும் சிறு இலத்திரன் பலகை, எல்லாக் கட்டளைகளையும் கேட்டுத் தன் முகவரிக்கு உரியதை மட்டும் ஏற்று, மோட்டரையும் விளக்கையும் ஒலியையும் இயக்கும். தபாற்காரர் தெருவெங்கும் உரக்கப் பெயர் கூவ, உரியவர் மட்டும் வந்து கடிதம் பெறுதலை இதற்கு உவமையாகக் கூறலாம். கட்டளைகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவதால், தண்டவாளத்து அழுக்கினால் ஒன்று தவறினும் அடுத்தது வந்து சேரும்.

தொகுதியின் உறுப்புகள் ஐந்து: மின்வழங்கி, கட்டளைகளை ஆக்கும் கட்டளை நிலையம், அவற்றை எஞ்சின் ஓடப் போதிய வலுவுடன் தண்டவாளத்துக்கு அனுப்பும் வலுவூட்டி, ஓட்டுபவன் கையாளும் ஓட்டுகருவி, எஞ்சினுள் இருக்கும் டிகோடர். தொடக்கநிலைத் தொகுதிகளில் கட்டளை நிலையமும் வலுவூட்டியும் ஓட்டுகருவியும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அமைந்திருக்கும்.

இங்கேதான் தொடக்கநிலையாளர் பலர் காணத் தவறும் உண்மையொன்று உள்ளது. பொது நியமம் கட்டுப்படுத்துவது தண்டவாளத்தின் வழியே டிகோடருக்குச் செல்லும் மொழியை. ஓட்டுகருவிக்கும் கட்டளை நிலையத்துக்கும் இடையே கம்பியில் நிகழும் உரையாடலை அது ஒன்றுபடுத்தவில்லை. டிஜிட்ராக்ஸ் நிறுவனத்துக்கு 'லோக்கோநெற்', லென்ஸ் நிறுவனத்துக்கு 'எக்ஸ்பிரஸ்நெற்', என். சீ. ஈ. நிறுவனத்துக்குத் தனக்கென வேறொன்று என அது பலவாகும். எனவே, எந்த நிறுவனத்தின் டிகோடர் பூட்டிய எஞ்சினையும் எந்தத் தொகுதியாலும் ஓட்டலாம். ஆனால், ஒரு நிறுவனத்தின் ஓட்டுகருவியை மற்றொன்றின் கட்டளை நிலையத்திற் பொதுவாக நேரே பூட்ட இயலாது. எஞ்சின் வாங்குபவன் பொருள் ஒன்றை வாங்குகின்றான். தொகுதி வாங்குபவனோ ஒரு குடும்பத்திற் சேர்கின்றான். தெரிவின்போது இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.

இனித் தெரிவுக்குரிய அளவுகோல்களை முறையே நோக்கலாம்.

முதலாவது, அமைவெண்களை மாற்றும் ஆற்றல். ஒவ்வொரு டிகோடரிலும் 'சீ. வீ.' எனப்படும் அமைவெண்கள் உள்ளன. முதலாம் எண் குறு முகவரியைக் குறிப்பது. மூன்றாம், நான்காம் எண்கள் வண்டி மெல்ல வேகமெடுப்பதையும் மெல்ல வேகம் தணிவதையும் குறிப்பன. புதிய டிகோடர் வழக்கமாக 3 என்னும் முகவரியோடே வருவதால், இரண்டாவது எஞ்சின் வாங்கியவுடனேயே முகவரியை மாற்றும் தேவை எழும். பக்மன் நிறுவனத்தின் 'ஈசீ கொமாண்ட்' என்னும் மலிவான தொகுதி ஒன்பது இலக்கமுறை எஞ்சின்களையும், டிகோடர் இல்லாத எஞ்சின் ஒன்றையும் ஆளும், முகவரியையும் மாற்றும். ஆனால், வேகமெடுப்பு முதலிய பிற அமைவெண்களை அதனால் மாற்ற இயலாது. மூன்று, நான்கு எஞ்சின்களோடு அமைதியுறுவோனுக்கு அது போதும். எஞ்சினின் பக்கத்திற் பொறித்த நான்கிலக்க எண்ணையே முகவரியாக்கி, உண்மை வண்டியின் கனத்தோடு அது புறப்படுவதைக் காண விரும்புவோனுக்கு அது போதாது.

அமைவெண்களை எழுதுவதோடு திரும்ப வாசிக்கும் ஆற்றலும் வேண்டும். இதற்கெனப் பிரிக்கப்பட்ட சிறு தண்டவாளத் துண்டில் மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அங்கு வினவப்படும் டிகோடர், குறைந்தது 60 மில்லி அம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 6 மில்லிசெக்கன் கூடுதலாக இழுத்து 'ஆம்' என விடையளிக்கும். முகவரி மறந்துபோன எஞ்சினை மீட்பதற்கும், புதிதாகப் பொருத்திய டிகோடரை எரிந்துவிடாமற் சோதிப்பதற்கும் இத்துண்டு பேருதவி புரியும்.

இரண்டாவது, மின்னோட்ட அளவு. இக்காலத்து எச். ஓ. எஞ்சின் ஒன்று ஓடும்போது பெரும்பாலும் அரை அம்பியருக்குக் குறைவாகவே இழுக்கும். ஒலிப்பலகை இருப்பின் சற்றுக் கூடும். என். சீ. ஈ. நிறுவனத்தின் 'பவர் கப்' ஏறத்தாழ 2 அம்பியரும், டிஜிட்ராக்ஸ் நிறுவனத்தின் 'செஃபிர் எக்ஸ்பிரஸ்' 3 அம்பியரும் வழங்குவன. வீட்டறை ஒன்றிற் சில வண்டிகளை ஓட்ட இரண்டுமே போதும். மேலதிக அம்பியர் எப்போதும் நன்மை அன்று. குறுஞ்சுற்று ஏற்படும்போது, பெருமின்னோட்டம் மெல்லிய கம்பிகளையும் சில்லுகளையும் உருக்கிவிடக் கூடும்.

மூன்றாவது, ஓட்டுகருவியின் இயல்பு. பவர் கப் தொகுதியில் கட்டளை நிலையம் முழுவதும் கைக்கருவிக்குள்ளேயே அடங்கியுள்ளது. அதனைக் கையிலேந்தி நிற்கலாம், ஆனால் சுவரிலுள்ள பலகையிலிருந்து கழற்றினால் வண்டிகள் யாவும் நின்றுவிடும். செஃபிர் மேசைமேல் நிலையாக வைக்கப்படுவது. வண்டியோடு நடந்து செல்ல விரும்பினால் வேறு கைக்கருவி சேர்த்தல் வேண்டும். எது சிறந்தது என்பதை விலைப்பட்டியல் கூறாது. இருளிலும் கண் பாராது வேகத்தைத் தணிக்கவும், ஆபத்தில் உடனே நிறுத்தவும் கைவிரலுக்கு எது இசைகின்றதோ அதுவே சிறந்தது. ஆதலின், இயலுமாயின் கையில் எடுத்து ஓட்டிப் பார்த்தபின் வாங்குதல் நலம்.

நான்காவது, அயலாரின் வழக்கு. அண்மையிலுள்ள கழகத்தாரும் நண்பரும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரோ, அதனையே தெரிவது பெரும்பாலும் இலாபமாகும். பழுது நேர்ந்தால் வழிகாட்ட ஆளுண்டு. ஒருவர் ஓட்டுகருவியை மற்றவர் பாதையிற் பூட்டி விளையாடவும் இயலும். 'ஜே. எம். ஆர். ஐ.' என்னும் இலவச மென்பொருள் வெவ்வேறு குடும்பங்களின் தொகுதிகளோடு பேசவல்லது. அதன் துணையால் கைத்தொலைபேசியையே ஓட்டுகருவியாக்கலாம். மின்னியலில் ஆர்வமுடையோர், 'டீ. சீ. சீ. - ஈ. எக்ஸ்.' என்னும் திறந்த வடிவமைப்பைக் கொண்டு கட்டளை நிலையத்தைத் தாமே அமைத்துக்கொள்வதும் உண்டு. மொழி பொதுவாயிருப்பதனால் விளைந்த பயன் இது.

ஐந்தாவது, மறைந்து நிற்கும் செலவு. தொகுதி ஒருமுறை வாங்கப்படுவது. டிகோடரோ எஞ்சின் தோறும் வேண்டப்படுவது. இருபது பழைய எஞ்சின்கள் உடையவன், தொகுதியின் விலையைக் காட்டிலும் இருபது டிகோடர்களின் விலையையே முதலிற் கணித்தல் வேண்டும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டரின் ஒருமுனை உலோகச் சட்டத்தோடே இணைந்திருக்கும். அதனை முற்றாகப் பிரித்து மின்காப்பிடாது டிகோடரைப் பூட்டினால், மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே அது எரிந்துபோகும். மோட்டர் தடைப்பட்டு நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தையும் டிகோடர் தாங்கவல்லதா என அறிதல் வேண்டும்.

இவையெல்லாம் நோக்கியபின், இலக்கமுறை தனக்கு வேண்டியதுதானா என்னும் வினாவும் எஞ்சி நிற்கும். வட்டப்பாதையில் ஒரே வண்டியைச் சுற்றவிட்டு மகிழ்வோனுக்குப் பழைய முறையிற் குறையொன்றுமில்லை. இரண்டு வண்டிகள் ஒரு நிலையத்திற் சந்திக்க வேண்டும், ஒன்று நிற்க மற்றொன்று விலகிச் செல்ல வேண்டும், நண்பர் இருவர் இரு சாரதிகளாதல் வேண்டும் என்னும் ஆசை எழும் அன்றுதான் தனிக்கயிறு தேவையாகின்றது.

அன்று தெரிவு செய்பவன், இன்றைய தேவைக்கு அமைந்ததாயும், அமைவெண்களை எழுதவும் வாசிக்கவும் வல்லதாயும், நாளை வளர இடமுள்ளதாயும், அயலார் கைவசமுள்ளதாயும் ஒன்றைத் தெரிவானாயின் பெரும்பாலும் தவறமாட்டான். பின்னொரு நாள் அக்குடும்பத்தை விட்டு வேறொன்றிற் சேர நேர்ந்தாலும், அவன் எஞ்சின்கள் வீணாகா. அவை அறிந்த மொழி எங்கும் பேசப்படுவது. ஆஸ்ட்ராக் வாங்கியவனுக்கும் சீரோ ஒன் வாங்கியவனுக்கும் வாய்க்காத பாதுகாப்பு அது. சிறுதேரின் கயிறு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறினும் தேர் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். பொது நியமம் ஒன்று செய்துதரும் பேருதவி இதுவேயாம்.