கடல் வானிலை அறிவிப்பும் நமது ஏரிப் படகும்

கடல் வானிலை அறிவிப்பு கடலோர மக்களுக்கே உரியது என்றும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தாருக்கு அதனால் பயனில்லை என்றும் பலர் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் சரியன்று. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் படகுத் துறை அமைந்தது. பழவேற்காட்டுக்குச் சென்று படகேறி வருவோரும் நம்மிடையே உளர். 2015-லும் 2023-லும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது தெருக்களிலேயே படகு செலுத்த நேர்ந்தது. ஆகவே, அறிவிப்பின் பொருளை உணர்ந்து, அதனை நம் ஊர் நிலைமையோடு ஒப்பிட்டு நோக்கும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் சொற்களின் பொருளைக் கவனிப்போம். காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் என்று அறிவித்தால், முதற்கூறியது சராசரி வேகம். பின்னது திடீரென வீசும் வேகம். படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பின்னதே. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. அலையின் உயரமும் இவ்வாறே. அறிவிப்பில் காணும் உயரம், அலைகளுள் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரியாகும். தனி அலை ஒன்று அதனினும் இருமடங்கு எழக்கூடும்.

அடுத்து இடத்தின் வேறுபாடு. அறிவிப்பு பரந்த பிரதேசத்துக்குரியது. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும், மீனம்பாக்கத்தில் 35 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. ஒரே மாநகரைச் சார்ந்த இடங்களுக்குள்ளேயே இத்தனை வேற்றுமை! ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் நம் ஊரில் பெய்யாது என்று கொள்ளலாகாது.

மேலும், கோடையிலும் தென்மேற்குப் பருவக் காலத்திலும் மாலை வேளைகளில் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. பகலில் கடற்காற்று இதமாக வீசிக்கொண்டிருக்கையில், மேற்கே கருமேகம் திரண்டு, காற்று சட்டென நின்று, பின் குளிர்ந்து திசை மாறி வீசினால், படகைக் கரை சேர்ப்பதே அறிவுடைமை. இடியோசை கேட்டாலே மின்னல் எட்டும் தொலைவில் உள்ளதென்று பொருள்.

ஏரிக்கரையில் நிற்போர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. காற்று வரும் பக்கத்துக் கரையில், கரைமேடும் மரங்களும் காற்றைத் தடுப்பதால் நீர் அமைதியாகத் தோன்றும். நடு ஏரியிலும் எதிர்க்கரையிலும் அலை எழும்பிக்கொண்டிருக்கும். எனவே எதிர்க்கரையைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

அறிவிப்பும் கண்ணெதிரே காணும் நிலையும் மாறுபட்டால் எதனை நம்புவது? இரண்டில் கடுமையானதையே கொள்ள வேண்டும். வானம் தெளிந்திருக்கிறதே என்று எச்சரிக்கையைப் புறக்கணித்தலும் தவறு. எச்சரிக்கை இல்லையே என்று கருமேகத்தைப் புறக்கணித்தலும் தவறு. பழைய அறிவிப்பும் போதாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனை அருகே விரைந்து வலுப்பெற்றபோது, முன்னதாகவே கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் அதில் சிக்கிக்கொண்டனர்.

வெள்ளக் காலத்தில் காற்றைவிட நீரோட்டமே கொடியது. 2015-இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இத்தகைய சமயங்களில் ஏரி திறப்புச் செய்தியை அறியாமல் படகை இறக்குதல் கூடாது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை எளியனவே. அன்றைய வானிலை அறிவிப்பை, வெளியான நேரத்துடன், படகுத் துறையில் பலகையில் எழுதி வைக்கலாம். படகை நிறுத்தும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கலாம். மிதவை அங்கி அணியாதவரை ஏற்றாதிருக்கலாம். ஒரு நாள் சவாரி நின்றால் மறுநாள் செல்லலாம். போன உயிர் மீளாது என்பதை நாம் அனைவரும் நினைவிற் கொள்வோமாக.