தச்சருக்கு ஒரு மேஜை

தரையில் உட்கார்ந்து தச்சு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலால் மரத்தை அழுத்திப் பிடிப்பார்கள். இரண்டு கையாலும் இழைப்புளியைத் தள்ளுவார்கள். அப்பாவும் தாத்தாவும் செய்த முறை அது.

ஆனால் மரம் நழுவினால் என்ன ஆகும்? உளி காலில் இறங்கும். காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் கூலி இல்லை. காயம் படாவிட்டாலும், குனிந்து குனிந்து இடுப்பு வலி வந்துவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. நின்றுகொண்டே வேலை செய்ய ஒரு மர மேஜை. தச்சு தெரிந்தவர் அதைத் தானே செய்துகொள்ளலாம்.

மரம் எங்கே கிடைக்கும்?

அந்தமான் மரத்துக்குப் பேர் போன இடம். போர்ட் பிளேரின் பெயர் 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. அந்த ஊரை ஒட்டி, பாலத்தால் இணைந்த சாத்தம் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே 1883ல் அரசு மர அறுவை ஆலை தொடங்கியது. 1942ல் ஜப்பானியர் அதன்மேல் குண்டு போட்டார்கள். குண்டு விழுந்த பள்ளத்தை இப்போதும் பார்க்கலாம்.

தீவில் பெயர் பெற்ற மரம் படாக். உள்மரம் சிவப்பாக இருக்கும். உறுதியானது. கரையான் எளிதில் அரிக்காது. ஆனால் விலை அதிகம். மேஜைக்குப் படாக்தான் வேண்டும் என்பதில்லை. கர்ஜன் போன்ற மரமும் போதும்.

காட்டுக்குப் போய் மரம் வெட்டக்கூடாது. 2002ல் உச்ச நீதிமன்றம், தீவுகளில் தானாக வளர்ந்த மரங்களை வெட்டக் கடும் கட்டுப்பாடு விதித்தது. மரத்தை முறைப்படி வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழைய வீட்டுக் கதவு, உத்தரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது ஏற்கெனவே காய்ந்த மரம். ரம்பம் வைக்கும் முன் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள்.

எவ்வளவு மரம் வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேஜையின் நீளம் 5 அடி. அகலம் 2 அடி. மேல் பலகையின் கனம் 2 அங்குலம். 2 அங்குலம் என்பது அடியில் ஆறில் ஒரு பங்கு.

5 × 2 = 10. பத்தை ஆறால் வகுத்தால் சுமார் 1⅔ கன அடி.

இதோடு 4 அங்குலச் சதுரத்தில் கால்கள் நாலு. 4 அங்குல அகலம், 2 அங்குலக் கனத்தில் நீளச் சட்டம் நாலு, குறுக்குச் சட்டம் ஆறு. எல்லாம் சேர்த்து நாலரை கன அடிக்குள் அடங்கும். அறுப்பில் வீணாவதற்கும் சேர்த்து 5 கன அடி வாங்கினால் போதும். கணக்குத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டாம்.

உயரம் எவ்வளவு?

செருப்பில்லாமல் நிமிர்ந்து நில்லுங்கள். கையைத் தொங்க விடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு வரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் மேஜையின் உயரம். பலருக்கு 32 அங்குலம் சரியாக இருக்கும். மேல் பலகை 2 அங்குலம் போக, கால் 30 அங்குலம். மேஜை உயர்ந்தால் தோள் வலிக்கும். தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும்.

காய வைப்பது

தீவுகளில் மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். காற்றிலும் ஈரம் உண்டு. ஈர மரத்தில் மேஜை செய்தால், காய்ந்ததும் மூட்டு தளரும். பலகை வளையும். அதனால் பலகைகளை நிழலில் அடுக்குங்கள். ஒன்றுக்கொன்று நடுவே குச்சி வையுங்கள். காற்று எல்லாப் பக்கமும் புக வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். பொறுமை வேண்டும். கனமான பலகை காய மாதக்கணக்கில் ஆகும்.

செய்யும் முறை

1. கால்களில் துளை போடுங்கள். சட்டங்களின் முனையில் கழுந்து எடுங்கள். கழுந்து துளைக்குள் இறுக்கமாக இறங்க வேண்டும்.

2. இரண்டு குறுக்குச் சட்டங்களைக் கால்களுக்கு உட்பக்கமாக, மேல் நீளச் சட்டங்களுக்கு நடுவே பொருத்துங்கள். பலகை இவற்றின்மேல் நிற்கும்.

3. சட்டகம் கோணலாக இருக்கிறதா? ஒரு கயிற்றால் மூலைக்கு மூலை அளங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சரி.

4. 8 அங்குல அகலப் பலகை மூன்றை மேலே வையுங்கள். நடுவே ஒரு நூல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். இடம் இல்லாவிட்டால் பலகை மேலே எழும்பும்.

5. ஒவ்வொரு பலகையையும் முனைக்கு ஒரு போல்ட்டால் முடுக்குங்கள். கடல் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசிய போல்ட் வாங்குங்கள். போல்ட்டின் தலை அரை அங்குலம் பள்ளத்தில் இருக்கட்டும். வெளியே நீட்டினால் இழைப்புளியின் கத்தி போய்விடும்.

6. இடது ஓரத்தில் சதுரத் துளை போட்டு ஒரு கட்டையைச் செருகுங்கள். இழைக்கும்போது மரம் இதில் முட்டி நிற்கும். இனி உங்கள் கால் பிடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கட்டையைத் தட்டி இறக்கிவிடலாம்.

7. நாலு காலின் அடியிலும் தட்டைக் கல் வையுங்கள். ஈரமும் கரையானும் நேரே ஏறாது.

மூக்கையும் கவனியுங்கள். படாக் தூள் சிலருக்குத் தும்மலும் மூக்கெரிச்சலும் தரும். முகத்தில் துணி கட்டுங்கள். கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள்.

இந்த மேஜை ஒரு வீட்டில் இருந்தால், கடைக்குக் கூலிக்குப் போகும் தச்சர் வீட்டிலேயே ஸ்டூலும் ஜன்னலும் செய்து விற்கலாம். மகனோ மகளோ பக்கத்தில் நின்று தொழிலைப் பார்க்கலாம். நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் தரையில் உட்கார்ந்து செய்யும் தொழில்கள் எவை?
அவற்றில் எதற்கு மேஜை உதவும்?
உங்கள் மணிக்கட்டு தரையிலிருந்து எத்தனை அங்குலம்? அளந்து எழுதுங்கள்.