சாப்பிட்டாலே வலிக்கும் வயிறு: எல்லாம் கேஸ்திரிக் அல்ல

வயிறு வலித்தால் நம்மவர்கள் பலர் உடனே சொல்வது "கேஸ்திரிக்". ஓமத் தண்ணீர், ஈனோ, தொப்புளைச் சுற்றிக் கொஞ்சம் தைலம். பெரும்பாலும் வலி நின்றுவிடும். ஆனால் இருதய நோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களுக்கு வரும் வலி சில வேளைகளில் வேறு வகை. குடலுக்குப் போகும் இரத்தம் தடைபடுவதால் வருவது அது.

இருதயத்தின் இரத்தக் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளையில் அடைத்தால் பக்கவாதம். இவ்விரண்டும் எல்லாருக்கும் தெரியும். குடலுக்கும் அதே ஆபத்து உண்டு என்பதைத்தான் பலர் கேள்விப்பட்டதில்லை. சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும் ஒரே தமனிதான் இரத்தம் தருகிறது. அது திடீரென அடைத்தால் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நோயாளி வலியால் துடிப்பார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். வாந்தி வரலாம், அவசரமாக மலம் கழிக்கத் தோன்றலாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வயிறு கல்லாக இறுகுவதும் மலத்தில் இரத்தம் வருவதும் பெரும்பாலும் பிந்திய அறிகுறிகள். நடுவில் வலி சற்றுக் குறைந்தாலும் குணமாகிவிட்டது என்று நம்பக்கூடாது.

இருதயம் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். இருதயத்துக்குள் உறையும் இரத்தக் கட்டி நழுவி வந்து குடல் தமனியை அடைக்கும். வார்ஃபரின் போன்ற மருந்தை "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொந்தமாக நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது இங்கேதான் புரியும்.

மெதுவாக வரும் வகையும் உண்டு. பல ஆண்டு சிகரெட் பிடித்தவர்களுக்குத் தமனியில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகிவிடும். சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் வலி தொடங்கும். செரிமானத்துக்குக் கூடுதல் இரத்தம் தேவைப்படும் நேரம் அது. நாளடைவில் சோற்றைக் கண்டாலே பயம் வந்து, உடல் இளைத்துப் போகும். வீட்டார் புற்றுநோயோ என்று கலங்குவார்கள். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் போனால், "இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டுமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

பெருங்குடலில் மட்டும் இரத்தம் குறைந்தால், இடப்பக்கம் வலியும் இரத்தம் கலந்த பேதியும் வரும். இது பெரும்பாலும் டிரிப், ஓய்வு, கண்காணிப்பு ஆகியவற்றிலேயே சரியாகிவிடும்.

நரம்பில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் அடைப்பைக் காட்டும் முக்கியப் பரிசோதனை. இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், கிருமிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். கட்டியை அறுவை மூலமாகவோ குழாய் செலுத்தியோ அகற்றுவார்கள். அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்; மீதிக் குடல் பிழைத்ததா என்று பார்க்க ஓரிரு நாளில் மறுபடியும் வயிற்றைத் திறப்பதும் உண்டு. மெதுவான வகைக்கு ஸ்டென்ட் வைக்கலாம், பைபாஸ் செய்யலாம். சிகரெட்டை விட்டே ஆகவேண்டும்.

தாங்க முடியாத வயிற்று வலி திடீரென வந்தால் பேதி மருந்து, விளக்கெண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். சாப்பாடும் வேண்டாம். 999க்கு அழையுங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குத் தூரம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். இருதயக் கோளாறு இருப்பதையும், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அதையும் முதலில் பார்க்கும் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள்.