நாய் சொறிகிறதா? தெள்ளு முதல் தேத்தண்ணிப் பாண் வரை... இதெல்லாம் தெரியுமா?

கண்டியின் குளுகுளு காற்று யாருக்குத்தான் பிடிக்காது? சுமார் 500 மீற்றர் உயரம், மூன்று பக்கமும் வளைந்தோடும் மகாவலி, நகர நடுவே வாவி, மதியம் வெயில் என்றால் மாலையில் மழை! ஆனால் இந்தச் சுகத்துக்கு நம்மைவிடத் தீவிர ரசிகர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? தெள்ளு, உண்ணி, தூசிப்பூச்சி, பூஞ்சணம்! ஈரமும் இதமான சூடும் சேர்ந்த இடம்தான் இவற்றுக்குச் சொர்க்கம். வாசலில் சாக்கில் படுத்தபடி, கால் தரையில் 'டக் டக்' என்று இடிபட ராத்திரி முழுக்கச் சொறியும் நாயைக் கேளுங்கள், கண்டிக் காலநிலையின் மறுபக்கத்தைச் சொல்லும்!

சொறிய மூளையே தேவையில்லை!

ஆம், உண்மைதான்! ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் நாய் சொறிவதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். மூளையோடு தொடர்பு அறுந்த நிலையிலும், முதுகில் கூச்சம் காட்டினால் பின்னங்கால் தானாக எழுந்து தாளம் தவறாமல் சொறிகிறது என்று கண்டார். முதுகுத்தண்டின் நரம்புகளே அந்த வேலையை முடித்துவிடுகின்றன! தெள்ளுக் கடியைப் போலவே கூச்சம் காட்ட அவர் கண்டுபிடித்த நுண்ணிய மின்கருவிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மின்சாரத் தெள்ளு'! 1906இல் இதையெல்லாம் நூலாக்கினார். 1932இல் நரம்பியல் ஆய்வுக்காக நோபல் பரிசும் பெற்றார். இனிமேல் "சும்மா இரு!" என்று நாயை அதட்டும் முன் ஒரு கணம் யோசியுங்கள். அதன் கால் அதன் சொல்லையே கேட்பதில்லை!

நாய்த் தெள்ளா, பூனைத் தெள்ளா? யார் பெரிய தாவல்காரர்?

நாய்த் தெள்ளுதான்! பிரான்ஸின் துலூஸ் மிருக வைத்தியக் கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டையும் தாவவிட்டு அளந்தே பார்த்தார்கள். நாய்த் தெள்ளு சராசரியாகச் சுமார் 30 சென்ரிமீற்றர் தூரம் பாய்ந்தது. பூனைத் தெள்ளுக்குச் சுமார் 20தான்! இந்த 'மகத்தான' கண்டுபிடிப்புக்கு 2008இல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசும் கிடைத்தது. இதில் இன்னொரு வேடிக்கை: உலகின் பெரும்பாலான ஊர்களில் நாயின் மேல் அதிகம் காணப்படுவது நாய்த் தெள்ளு அல்ல, பூனைத் தெள்ளு! ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனையை மறந்தால் வேலை பாதியில் நிற்கும்.

கண்ணில் படும் தெள்ளு நூற்றுக்கு ஐந்துதான்!

மீதி 95? முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக உங்கள் வீட்டில்! பெண் தெள்ளு ஒரே நாளில் 40, 50 முட்டை வரை இடும். அவை மயிரில் ஒட்டாது. நாய் போகும் இடமெல்லாம் உதிரும், சாக்கில், கால்மிதியில், நாற்காலி மெத்தையின் இடுக்கில். காற்றில் ஈரம் குறைந்தால் புழுக்கள் காய்ந்து செத்துவிடும். ஆனால் கண்டியில் ஈரம் எப்போது குறைந்தது? நாயைக் குளிப்பாட்டிய அன்றே அதன் சாக்கையும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டு மூலைகளைக் கூட்டித் தும்புத்தடியை அங்கேயே சாத்திவைக்காமல், குப்பையை உடனே வெளியே தள்ளுங்கள்.

ஈரத் தாள் ஒன்று போதும், தெள்ளு மாட்டிக்கொள்ளும்!

"எங்கள் நாய்க்குத் தெள்ளே இல்லை" என்பவர்களுக்கு ஒரு பரிசோதனை! நாயை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, வாலடியில் மயிரை எதிர்ப்பக்கமாகச் சீவுங்கள். மிளகுத் தூள் மாதிரிக் கறுப்புத் துகள் விழுகிறதா? அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பொறுங்கள். வெறும் மண் என்றால் கறுப்பாகவே கிடக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் படர்ந்தால்? அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் நாயின் செரித்த இரத்தம்! தெள்ளு ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் குற்றம் நிரூபணம்!

கடி அல்ல, எச்சில்தான் வில்லன்!

சில நாய்கள் நூறு தெள்ளைச் சுமந்துகொண்டு சாவகாசமாகத் தூங்கும். சில நாய்களோ ஒன்றிரண்டு கடிக்கே துடிக்கும். ஏன் தெரியுமா? தெள்ளின் எச்சிலில் உள்ள புரதங்களுக்கு அவற்றின் உடம்பில் ஒவ்வாமை! வாலடி, இடுப்பின் பின்பக்கம், பின்தொடை... இந்த இடங்களில் மயிர் கொட்டிப் புண்ணானால் முதல் சந்தேகம் தெள்ளின்மேல்தான். நாய் தன்னையே நக்கி நக்கித் தெள்ளை விழுங்கிவிடுவதால், நாய் எவ்வளவு சொறிகிறதோ அவ்வளவுக்குத் தெள்ளு அகப்படாமலும் போகலாம்! விழுங்கிய தெள்ளு வழியே நாடாப்புழுவும் வயிற்றுக்குள் போய்ச் சேரும் என்பது கொசுறுத் தகவல்.

நுவரெலியா போய்வந்தால் தெள்ளுப் படையெடுப்பு!

ஏப்ரலில் குடும்பத்தோடு நுவரெலியா போய், நாயை உறவினர் வீட்டில் விட்டு, ஒரு வாரம் கழித்து வீடு திறக்கிறீர்கள். காலில் சுருக் சுருக்! ஆளில்லாத வீட்டில் எங்கிருந்து வந்தது? கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் உறங்கவல்லது. காலடி அதிர்வும், உடல் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால்தான் விழிக்கும். உங்கள் வருகையே அதற்கு அலாரம்! மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதுத் தெள்ளு தென்படுவது இதனால்தான். மருந்தை நிறுத்தாதீர்கள்.

காது மடலைத் தேய்த்தால் பின்னங்கால் ஆடுகிறதா?

அப்படியானால் சொறிப்பூச்சியாக இருக்கலாம்! காது மடலின் ஓரத்தை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறியத் தொடங்கினால் மிருக வைத்தியர்கள் இந்தப் பூச்சியை உடனே சந்தேகிப்பார்கள். பஸ் நிலையத்திலும் சந்தையிலும் காதோரமும் முழங்கையும் மொட்டையாகித் திரியும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதே பூச்சியின் வேலை. மனிதச் சொறிக்கும் ஒரு பூச்சிதான் காரணம் என்று 1687இலேயே இத்தாலியர் பொனோமோ கடிதம் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று குறிப்பிட்ட நோயைத் தருகிறது என்று காட்டிய முதல் சான்றுகளில் அது ஒன்று! நாயின் சொறி உங்கள் கைக்கும் தாவும். ஆனால் நம் தோலில் அது குடும்பம் நடத்த முடியாது. நாய் குணமானால் உங்கள் கடியும் தானாக அடங்கும்.

யப்பானிய மண்ணில் பிறந்த மருந்து, கொல்லி நாய்க்கு எமன்!

1970களில் யப்பானில் கவானா என்ற இடத்தில், கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் எடுத்த ஒரு பிடி மண்ணில் ஒரு பக்டீரியாவைக் கண்டார் சதோஷி ஒமுரா. அதிலிருந்துதான் சொறிப்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்து! 2015இல் ஒமுராவுக்கும் வில்லியம் கம்பெலுக்கும் நோபல். இன்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் அதே மருந்து, கொல்லி இன நாய்கள் பலவற்றின் மூளைக்குள் புகுந்து ஆபத்தாகிவிடும். அவற்றின் ஒரு மரபணுவில் நான்கே எழுத்துகள் காணாமல் போயிருப்பதே காரணம் என்று 2001இல் அமெரிக்காவின் வொஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். "மாட்டுக்குப் போடுறதுதானே" என்று யாராவது ஊசி நீட்டினால் கையைத் தட்டிவிடுங்கள்! பழைய இன்ஜின் ஒயிலைப் பூசுவதும் வேண்டாம், நாய் நக்கினால் நஞ்சு. நாய்க்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு உயிராபத்து!

தோலுக்கடியில் 17 சென்ரிமீற்றர் புழு!

திகைக்காதீர்கள்! டைரோஃபிலேரியா ரெப்பென்ஸ் என்ற நூல் போன்ற புழு நாயின் தோலுக்கடியில் வாழும். பெண் புழு 17 சென்ரிமீற்றர் வரை நீளும். பரப்புவது யார்? நுளம்பு! சில நாய்களுக்கு இந்தப் புழுவாலும் கடியும் கட்டியும் வரும். மனிதர்களிடம் இந்தப் புழு அதிகம் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. மருந்து போட்டும் கடி அடங்காவிட்டால், வைத்தியரிடம் ஒரு இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

பாதத்தை நக்குகிறதா? வீட்டுத் தூசியைப் பாருங்கள்!

நமக்கு ஒவ்வாமை என்றால் தும்மல். நாய்க்கோ பெரும்பாலும் தோல்! பாதம், அக்குள், தொடையிடுக்கு, முகம், காது... இங்கெல்லாம் கடி என்றால், காற்றில் உள்ள பொருளுக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். உலகெங்கும் நாய்களை அதிகம் படுத்துவது வீட்டுத் தூசிப்பூச்சி. லெப்ரடோர், அல்சேஷன் போன்ற இனங்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். வெள்ளை நாயின் பாதம் செம்பழுப்பாகிவிட்டதா? அது இரத்தமல்ல, எச்சிலின் நிறமி படிந்த கறை! பழைய எண்ணெய் வாடை அடித்தால், நக்கிய ஈரத்தில் ஈஸ்ட் பூஞ்சணம் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

தேத்தண்ணியில் தொட்ட பாண்: ஒரே வாயில் இரண்டு சந்தேக நபர்கள்!

காலையில் பால்தேத்தண்ணியில் பாண் துண்டைத் தொட்டு நாய்க்கும் நீட்டுவது கண்டி வீடுகளின் அன்பு. ஆனால் பாலும் கோதுமையும் ஒவ்வாமைப் பட்டியலின் முன்வரிசைக்காரர்கள்! உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைப் பற்றிய 2016ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பின்படி, மாட்டிறைச்சி நூற்றுக்கு 34, பால் 17, கோழி 15, கோதுமை 13. கோழித்தலையும் கோழிக்காலும் போட்டு வேகவைத்த சோறும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது! மயிரையோ எச்சிலையோ அனுப்பிச் செய்யும் பரிசோதனைகளை நம்ப முடியாது. ஒரே வழி: நாய் முன்பு தின்றிராத புரதத்தை வைத்தியர் சொல்லுக்கேற்பத் தேர்ந்து, எட்டு வாரம் வேறெதுவும் கொடாமல் பார்ப்பது. எட்டு வாரத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பதில் தெரிந்துவிடும். பிறகு பழைய சாப்பாட்டைக் கொடுத்து, கடி திரும்பினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபடுவான்! இந்த எட்டு வாரத்தில் ஒரு கருவாட்டுத் துண்டு, ஒரு பிஸ்கட் எதுவும் வேண்டாம். அப்பாச்சிக்கும் சொல்லிவையுங்கள்!

உங்கள் சோப்பு நாய்க்கு ஆகாது!

நாயின் மேல்தோலில் மூன்று முதல் ஐந்து அடுக்கு உயிரணுக்கள்தான். நமக்கோ பத்துக்கும் மேல்! நம் தோல் கொஞ்சம் அமிலம், நாயின் தோல் அதைவிட நடுநிலை. ஆகவே மனிதருக்கான சவர்க்காரத்தை வாரத்துக்கு இரண்டு தரம் போட்டால் தோல் வறண்டு கடி கூடும். நாய்க்கென்றே தயாரித்த ஷாம்புவை மயிரில் பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாகக் கழுவுங்கள். வேப்பிலை நல்லது என்று அதோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு என்பதும் பலருக்குத் தெரியாது!

வளவில் உள்ள செடியும் குற்றவாளியாகலாம்!

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், தரையில் படரும் டிரடெஸ்கான்டியா செடி பட்டு வயிறும் தொடையும் சிவந்த நாய்கள் ஏராளம்! பூந்தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கப்படும் அந்தக் குடும்பத்துச் செடிகள் கண்டித் தோட்டங்களிலும் உண்டு. மயிரில்லாத வயிற்றில் மட்டும் சிவந்தால், நாய் எங்கே படுக்கிறது என்று பாருங்கள். ஹந்தானைப் பக்கம் நடந்து வந்தால் அட்டைக் கடியையும் தேடுங்கள்!

எல்லாம் சேர்ந்துதான் வாளி நிரம்புகிறது!

இதுதான் முக்கியமான ஆச்சரியம். கடிக்குக் காரணம் பல நேரங்களில் ஒன்று மட்டுமல்ல! தூசி ஒவ்வாமை வாளியைப் பாதி நிரப்பும், தெள்ளு கொஞ்சம், பூஞ்சணம் கொஞ்சம். விளிம்பைத் தாண்டினால்தான் நாய் சொறியும். அதனால் ஒவ்வாமையைத் தீர்க்க முடியாவிட்டாலும், தெள்ளையும் பூஞ்சணத்தையும் மட்டும் நீக்கியே நாயை நிம்மதியாகத் தூங்க வைக்கலாம். காரணம் தேடும் வரிசையும் இதுதான்: முதலில் தெள்ளு, பிறகு சொறிப்பூச்சி, பிறகு பக்டீரியா, பூஞ்சணம், பிறகு உணவு, கடைசியில்தான் தூசி. கடிச் செய்தியைத் தோலிலிருந்து நரம்புக்குக் கொண்டுபோகும் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தைத் தடுக்கும் புதிய மருந்துகள் இன்று உள்ளன. ஸ்டீரொயிட் வேகமாக வேலை செய்யும், ஆனால் நாய் ஓயாமல் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கண்டிக்காரர்களுக்கு அதிர்ஷ்டமும் உண்டு! இலங்கையின் மிருக வைத்தியப் பட்டப்படிப்பு நடக்கும் பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில். மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில். மூன்றும் மகாவலிக் கரையை ஒட்டிச் சில கிலோமீற்றருக்குள்! வைத்தியசாலைக்குப் போகும்போது, நாய் சொறியும் வீடியோ ஒன்று, கடி தொடங்கிய மாதம், தின்னும் சாப்பாட்டுப் பட்டியல், இதுவரை கொடுத்த மருந்தின் பெயர்... இந்த நான்கையும் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியரின் பாதி வேலை முடிந்துவிடும், உங்கள் செலவும் குறையும்!